கழுத்துக்கு எந்த ஒட்டு

ராயபுரம்
14-6-1982

அன்புத் தம்பி பூபதிக்கும் காந்தாவுக்கும் அக்கா தேவகியின் ஆசீர்வாதம். இங்கே நானும் மாமாவும் நல்லபடியா இருக்கோம். அங்கே உங்க ரெண்டு பேர் உடம்பும் எப்படின்னு எழுதுங்க. நைனாவைப் பத்தி எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எங்க ஆரம்பிக்கறதுன்னே புரியல.

பத்து நாளா ஆஸ்பத்திரியே கதின்னு கிடக்கறேன். படகுல துடுப்பு நழுவி அவருக்கு வலது கை செத்த மாதிரி தொங்கிச்சே, பேச்சு குழறிச்சே, அது கைக்கோளாறு இல்லையாம். கழுத்தாம். மூளைக்கு ரத்தம் போற குழாய் கழுத்து வழியா போகுதாம். இடது பக்கத்துக் குழாய்க்குள்ள கொழுப்பும் சுண்ணாம்புமா படிஞ்சு முக்கால்வாசி அடைச்சிருக்காம். அதுல ஒரு துளி பிய்ச்சிக்கினு மேல போனாதான் கை விழுது, வாய் விழுது. இந்தத் தடவை தானா சரியாச்சு, அடுத்த தடவை ஆகாமலே போகலாம்னு பெரிய டாக்டர் சொல்றாரு.

ஆபரேசன்தான் வழியாம். குழாயைக் கீறி அழுக்கைச் சுரண்டிட்டுத் தைக்கணும். அப்படியே இழுத்துத் தைச்சா குழாய் குறுகிடுமாம். ரவிக்கை இறுகிப்போனா அக்குள்ல துணி வச்சுத் தைக்கறோமே, அந்த மாதிரி ஒரு ஒட்டு வைக்கணுமாம். எதை வைக்கறதுன்னுதான் பேச்சு. பெரிய டாக்டர் கால்ல இருந்து ஒரு ரத்தக்குழாய் துண்டை வெட்டி வைக்கலாம்கறாரு. கண்ணாடி போட்ட சின்ன டாக்டர் துணி வைக்கலாம்கறாரு. துணின்னா மாமா தீபாவளிக்குப் போட்டாரே டெரிலின் சட்டை, அந்த ஜாதிதானாம்! சட்டைத்துணியைக் கழுத்துக்குள்ள வச்சுத் தைப்பாங்களாம். கேட்டதும் எனக்குத் தலை சுத்திடுச்சு.

நைனா என்ன சொல்றாரு தெரியுமா? "நூல் வலையில நைலான் ஒட்டுப் போட்டு என்ன ஆச்சுன்னு நான் பார்த்தவன். துணி வேணாம்"னு சொல்லிட்டாரு. உன் பேரைச் சொல்லல. நீ படகுல ஏத்தி விட்டப்பக்கூட அவர் உன்கிட்ட ஒரு வார்த்தை பேசலயாமே. ரெண்டு வருசம் ஆச்சேடா இந்த ஊமை நாடகம். ஒரு கிழிஞ்ச வலைக்கா இவ்வளவு?

பதில் உடனே போடு. மாசமா இருக்கற காந்தாவை எறாக் கூடையைத் தூக்க வேணாம்னு சொல்லு.

உன் அக்கா,
தேவகி

*

பசியாவரம்
19-6-1982

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் பூபதி வணக்கம் சொல்லி எழுதறது. நாங்க இருக்கோம். காந்தாவுக்கு வாந்தி நின்னுடுச்சு. உங்க சுகத்துக்கு எழுதுங்க.

லெட்டரைப் படகுத்துறையிலயே நின்னு மூணு தடவை படிச்சேன். ஒண்ணும் விளங்கல. கால்ல இருந்து எடுத்துட்டா கால் இன்னா ஆகும்? நைனா இடுப்பளவு தண்ணியில நின்னு வலை கட்டற மனுசன். என் காலை எடுத்துக்கச் சொல்லு. வலை கிழிஞ்சா அதே புரி நூல்ல, அதே சாயத்துல நனைச்ச நூல்லதான் கட்டுவோம். நான் அவர் புள்ளைதானே? ஒரே நூல்தானே? இந்த வாரமே வந்து படுத்துக்கறேன்.

இன்னொண்ணு. ஆவணி கடைசியில பாடு சீட்டு போடறாங்க. மாமாவுக்கு நம்ம வழக்கம் தெரியாது, எடுத்துச் சொல்லு. ஏரியில எந்த இடத்துல யாரு எந்த நாள் வலை கட்டலாம்னு ஊர்ல நாட்டாரு தலைமையில சீட்டுப் போட்டுத்தான் பிரிப்போம். அந்த இடத்துக்குப் பேரு பாடு. நைனா இடம் எனக்கு வரணும்னா அவரே ஊர் நடுவுல எழுந்து நின்னு வாயால சொல்லணும். காயிதம், கைநாட்டு, எதுவும் செல்லாது. அவர் வந்தாதான் ஆச்சு. வந்தாலும் சொல்லுவாரான்னு தெரியல.

வலைக் கதை இப்ப எதுக்கு. அதை விடு.

பூபதி

*

ராயபுரம்
25-6-1982

தம்பி பூபதிக்கு அக்கா ஆசீர்வாதம். காந்தா சாப்பிடறான்னு கேட்டு மனசு நிறைஞ்சுது. மாமாவுக்குத் தலைவலி, மத்தபடி சுகம்.

உன் காலைப் பத்திச் சொன்னேன். ஜெசிந்தா நர்ஸ் சிரிச்சிட்டு அப்புறம் கண்ணைத் துடைச்சிக்கினா. "அடுத்தவங்க குழாயை உடம்பு ஏத்துக்காதும்மா, புள்ளையா இருந்தாலும் ஏத்துக்காது"ன்னா. நீ அங்கயே இரு.

அவளைப் பிடிச்சு உக்கார வச்சு, எது நல்லதுன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுடின்னேன். கால் குழாய்னா சொந்தச் சதை, சீழ் பிடிக்காது, ரத்தம் அதுல ஒட்டிக்காது. ஆனா கணுக்கால் பக்கத்துல எடுத்தது மெல்லிசு, எப்பவாவது ரெண்டு மூணு நாள்ல வெடிச்சிடும், கழுத்துல ரத்தம் கட்டி மூச்சடைக்கும். தொடைப் பக்கத்துல எடுத்தா கெட்டி. துணி வெடிக்காது, பாக்கெட்ல தயாரா இருக்கு, காலைக் கீற வேணாம். ஆனா ஆரம்பத்துல ரத்தம் அதுல ஒட்டப் பார்க்கும், சீழ் பிடிச்சா மறுபடி திறந்து எடுக்கணும். "அப்ப எதுடி நல்லது?"ன்னேன். "ரெண்டு கட்சியும் இன்னும் சண்டை போட்டுக்கினுதான் இருக்குதும்மா"ன்னா. நல்ல பதில்!

நேத்து பெரிய டாக்டரே நைனாவை நிக்க வச்சுக் காலைப் பார்த்தாரு. ரெண்டு காலும் தொடை வரைக்கும் முடிச்சு முடிச்சா சுருட்டிக்கினு இருக்கு. நாப்பது வருசம் தண்ணியில நின்ன காலு. "இதுல ஒட்டுக்கு ஆகற குழாய் இல்ல. துணிதான்"னு அவரும் சொல்லிட்டாரு. சரி, ரெண்டு டாக்டரும் ஒரே பேச்சுக்கு வந்துட்டாங்களேன்னு நான் சந்தோசப்பட்டா, நைனா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கினாரு. "நைலான் நூலை அறுத்துடும். என் கழுத்தை அறுக்க வேணாம். ஊருக்கு அனுப்பு."

எனக்கு ஒண்ணே ஒண்ணு தெளிவாத் தெரியணும். அந்த வலை எப்படிடா கிழிஞ்சுது? நைலான்தான் அறுத்துச்சா? நீதானே ஒட்டுப் போட்டே, நீதானே அன்னிக்குக் கொண்டு போனே. உனக்குத்தான் தெரியும். எழுது, நான் டாக்டர்கிட்ட காட்டறேன்.

தேவகி

*

பசியாவரம்
2-7-1982

அன்புள்ள அக்காவுக்கு, பூபதி. எல்லாரும் சுகம். உங்க சுகம் வேணும்.

இங்கே ஏரியில தண்ணி இறங்கிடுச்சு. முகத்துவாரம் தூர்ந்து போச்சு. எறா கம்மி, கெளுத்தி மட்டும் வருது. சின்னதம்பி அண்ணன் புதுசா படகு இறக்கியிருக்காரு, பச்சை சாயம். நாட்டாரு நைனாவை விசாரிச்சாரு. காந்தா உனக்காக நெத்திலி காய வச்சிருக்கா, பழவேற்காட்டு பஸ்ல யாராவது வந்தா குடுத்தனுப்பறேன்.

துணி ஒட்டு எத்தனை நாளைக்குத் தாங்கும்னு கேட்டியா? வேற ஆஸ்பத்திரியில கேட்டா இன்னா? மாமாவுக்கு யாரையாவது தெரியாதா?

பூபதி

*

ராயபுரம்
6-7-1982

தம்பிக்கு. நான் கேட்டது வலையை, நீ எழுதினது கெளுத்தியை. இன்னாடா ஆச்சு உனக்கு?

நேத்து காலையில நைனாவுக்கு மறுபடி வந்துடுச்சு. டம்ளரைப் பிடிச்சிருந்தாரு, கீழே விட்டுட்டாரு. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாரு, தெலுங்கும் இல்ல தமிழும் இல்ல. அரை மணி நேரம். நான் கத்தின கத்துல வார்டே திரும்பிச்சு. அப்புறம் மெள்ள வந்துச்சு பேச்சு. வந்ததும் முதல் பேச்சு இன்னா தெரியுமா? "அவன்கிட்ட இருந்து லெட்டர் வந்துச்சா?" உன்னைத்தான் கேட்டாரு! ரெண்டு வருசத்துல முதல் தடவை. படிச்சுக் காட்டினேன். கெளுத்தி, பச்சைப் படகு எல்லாம் கேட்டாரு. "இவ்வளவுதானா?"ன்னு மறுபடி சுவரைப் பார்த்துக்கினாரு.

நைலான் அறுத்துச்சா, இல்லையா. ஒரு வரி போதும்.

தேவகி

*

ராயபுரம்
15-7-1982

பூபதி, வலையைப் பத்திக் கேட்டு இது மூணாவது லெட்டர். பதில் இல்ல. உனக்கு உடம்பு சரியில்லையா, காந்தாவுக்கு ஏதாவதா? அப்படின்னா அதையாவது எழுது.

டாக்டருங்க திங்கக்கிழமை வரைக்கும் பார்ப்பாங்களாம். அதுக்கப்புறம் கட்டிலை வேற ஆளுக்குக் குடுத்தாகணும். நான் காலைப் பிடிச்சுக் கெஞ்சிட்டேன், மாமா கோவமா பேசிப் பார்த்துட்டாரு. மனுசன் அசையல. இப்படியே ஊருக்குக் கூட்டிக்கினு வந்தா நடு ஏரியில வாய் போய்டும், உயிரும் போய்டும். எனக்குப் பயமா இருக்குடா. ஒண்ணுமே புரியல.

தேவகி

*

பசியாவரம்
17-7-1982

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்கு யோக்யதை இல்ல. இந்த லெட்டரை நைனாவுக்குப் படிச்சுக் காட்டு. ஒரு வரி விடாதே.

நைலான் அறுக்கல. நான் போட்ட ஒட்டு நல்லாத்தான் இருந்துச்சு. அன்னிக்கு நமக்குச் சீட்டுல விழுந்த பாட்டுல ஒரு எறாகூட இல்ல. பக்கத்துல சின்னதம்பி அண்ணன் பாடு. விடியக்காலம், அவர் இன்னும் வரல. தண்ணி மேல எறா துள்ளுது அக்கா, அரிசி பொரியற மாதிரி. ஆசையில போய்க் கட்டிட்டேன். அவர் படகு தூரத்துல தெரிஞ்சுது. பதறிப்போய் இழுத்தேன். அடியில கிளிஞ்சல் திட்டு இருந்தது எனக்குத் தெரியாது. வலை மாட்டிக்கிச்சு. நான் இழுக்க இழுக்க அறுந்துச்சு. எறா எல்லாம் போச்சு. அவர் என்னைப் பார்க்கல.

அடுத்தவன் பாட்டுல வலை போட்டவன் பேரு சீட்டுல ஏறாது. அது உனக்கும் தெரியும். அதான் நைலான் மேல பழியைப் போட்டேன். "பருத்தியும் நைலானும் சேரல நைனா, அறுத்துடுச்சு"ன்னேன். அவர் வலையைக் கையில வாங்கிப் பார்த்தாரு, சுருட்டிப் பரண் மேல போட்டாரு, அன்னியோட பேச்சு நின்னுடுச்சு. நைலான் போட்ட கோவம்னு நானும் இருந்துட்டேன். என் பொய்யை நம்பி அவர் கழுத்துக்கு வைத்தியம் வேணாம்பாருன்னு யாரு கண்டா?

பத்து நாளா எழுதி எழுதிக் கிழிச்சேன். நைனா நேர்மையான ஆளு, ஊர்ல சொல்லிடுவாரு. சொல்லட்டும். துணியை வச்சுக்கச் சொல்லு. கால்ல விழுந்து கேக்கறேன்னு சொல்லு.

பூபதி

*

ராயபுரம்
21-7-1982

தம்பி பூபதிக்கு அக்கா ஆசீர்வாதம். நீ நல்லா இரு. உன்னை உதைக்கணும், அதை நேர்ல வச்சுக்கறேன்.

லெட்டர் திங்கக்கிழமை மத்தியானம்தான் வந்துச்சு. படிச்சேன். நைனா கண்ணை மூடிக்கினு கேட்டாரு. கிளிஞ்சல் திட்டு வர்ற இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாரு. கத்துவாருன்னு பார்த்தேன், கத்தல. "அந்தக் கண்ணாடிப் பையனைக் கூப்பிடு"ன்னாரு.

சின்ன டாக்டர் வந்ததும் கேள்வியைப் பாரு: "துணியை அப்படியே வச்சுத் தைப்பீங்களா, ஊறப்போட்டுத் தைப்பீங்களா?" டாக்டருக்கு ஆச்சரியம். "உங்க ரத்தத்துலயே ஊறவச்சுத்தான் தைப்போம் பெரியவரே. அப்பதான் துணியோட கண்ணு அடையும், ஒழுகாது"ன்னாரு. நைனா என் பக்கம் திரும்பி, "தொழில் தெரிஞ்ச ஆளு. எங்க கைநாட்டு வைக்கணும்?"னாரு. அவ்வளவுதான்! ஒரு மாசம் எங்களைச் சுத்தல்ல விட்ட மனுசன் ஒரு நிமிசத்துல ஒத்துக்கினாரு.

எனக்கு இது விளங்கவே இல்ல. கோவம் வரணுமே, ஏன் வரல? உன்னைப் பத்தி இன்னா சொல்றதுன்னு கேட்டேன். "வந்து பார்த்துக்கறேன்"னாரு. அது நல்லதா கெட்டதான்னு தெரியல.

சனிக்கிழமை ஆபரேசன். அங்காளம்மனுக்கு விளக்கேத்தச் சொல்லு காந்தாவை.

தேவகி

*

ராயபுரம்
30-7-1982

தம்பிக்கு. ஆபரேசன் முடிஞ்சுது. கை கால் நல்லா அசையுது. கண்ணு தெளிவா இருக்கு. கஞ்சி குடிக்கறாரு. துணி ஒட்டு கெட்டியா உக்காந்துடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு. தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கு. வேற ஒண்ணும் இல்ல. கவலைப்படாதே.

தேவகி

*

பசியாவரம்
5-8-1982

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம். உன் லெட்டர் பார்த்துக் காந்தா அழுதுட்டா. நானும்தான்.

என்னைப் பத்தி நைனா இன்னா சொன்னாருன்னு நீ எழுதவே இல்லையே. ஏதாவது சொன்னாரா? திட்டினாக்கூட எழுது. எப்பவும் நாலு பக்கம் எழுதறவ நாலு வரி எழுதியிருக்கே, அதான் பயமா இருக்கு. தொண்டை கட்டினதுக்கு மிளகு கசாயம் குடு.

பூபதி

*

ராயபுரம்
20-8-1982

அன்புத் தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம். மாமாவும் நானும் சுகம். காந்தாவுக்கு ஏழாம் மாசம் வளைகாப்புக்கு வந்துடுவேன்.

உன்கிட்ட மறைச்சேன். நைனாவுக்குக் குரல் போச்சுடா. கழுத்துக் குழாய் பக்கத்துலயே குரலுக்குப் போற நரம்பு ஓடுதாம். விலக்கிப் பிடிக்கும்போது அது அடிபடறது உண்டாம். முன்னாலயே சொல்லித்தான் கைநாட்டு வாங்கினாங்க. நிறைய பேருக்குச் சில மாசத்துல திரும்பிடுமாம், சில பேருக்குத் திரும்பாதாம். வாயைத் திறந்தா காத்துதான் வருது. அதான் உனக்கு எழுத ஒண்ணும் இல்ல. உன் லெட்டரைக் காட்டினேன், உதட்டை அசைச்சாரு, எனக்குப் படிக்கத் தெரியல. மறுபடி கேட்டா அலுத்துக்கினு கையை வீசிட்டாரு.

பாடு சீட்டுக்கு வரணும்னு பிடிவாதமா இருக்காரு. குரல் இல்லாம எழுந்து நின்னு எப்படிச் சொல்லப்போறாரு? உனக்கு இடம் குடுக்கவா வர்றாரு, உன்னைக் காட்டிக் குடுக்கவா? எனக்கு ஒண்ணும் தெரியல. 2ஆம் தேதி மாமா பஸ்ல கூட்டிக்கினு வர்றாரு. படகோட துறையில நில்லு.

தேவகி

*

பசியாவரம்
14-9-1982

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் பூபதி வணக்கம். நாங்க மூணு பேரும் சுகம். நீங்களும் அப்படியே இருக்கணும்.

ஞாயித்துக்கிழமை காலையில ஊர் கூடுச்சு. அதுவரைக்கும் பத்து நாளா நைனா என் மூஞ்சியைப் பார்க்கறதும், வாயைத் திறக்கறதும், மூடறதுமா இருந்தாரு. நாட்டாரு பேரு கூப்பிட்டாரு. "திருவேங்கடம், உன் இடம் இனிமே யாருக்கு? வாயால சொல்லு." நைனா எழுந்தாரு. கழுத்துத் தழும்பு எல்லாருக்கும் தெரியுது. வாயைத் திறந்தாரு. காத்து. மறுபடி பார்த்தாரு, இருமல்தான் வந்துச்சு. என் பக்கம் கையை நீட்டினாரு. "கையைக் காட்டினா செல்லாதே"ன்னு ஒருத்தன். "மனுசன் நோயாளிப்பா, விடுங்க"ன்னு ஒருத்தன். சின்னதம்பி அண்ணனே எழுந்து, "எனக்குச் சம்மதம், பூபதி நல்ல பையன்"னாரு அக்கா. வேற யாரு சொல்லியிருந்தாலும் நான் வாயை மூடிக்கினு இருந்திருப்பேன்.

எழுந்துட்டேன். சின்னதம்பி அண்ணன் பாட்டுல நான் வலை கட்டினதை, கிளிஞ்சல்ல அறுத்ததை, நைனாகிட்ட பொய் சொன்னதை, எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒரே சத்தம். சின்னதம்பி அண்ணன் துண்டை உதறிக்கினு போயிட்டாரு. இந்த வருசம் சீட்டு இல்ல, அடுத்த வருசம் பார்க்கலாம்னு நாட்டாரு தீர்ப்புச் சொல்லிட்டாரு. ஒரு வருசம் கூலிக்குத்தான் போகணும். போறேன்.

வீட்டுக்கு வந்ததும் நைனா ஏணி போட்டு அந்தப் பழைய வலையை இறக்கினாரு. ரெண்டு வருசமா யாரையும் தொட விடாம வச்சிருந்தாரே, அதுதான். பிரிச்சு என் முன்னால போட்டாரு. நைலான் ஒட்டு அப்படியே முழுசா இருக்கு. கிழிசல் ஒரு முழம் தள்ளி இருக்கு, கத்தியால கீறின மாதிரி. அவர் ஒட்டுக்குள்ள விரலை விட்டு இழுத்தாரு. அசையல. அப்புறம் என் காதுகிட்ட வாயை வச்சாரு. மெலிசா, தகரத்தைச் சுரண்டற மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு.

"கிளிஞ்சல் அறுப்பு எனக்குத் தெரியாதாடா?"

அன்னிக்கு வலையைக் கையில வாங்கினப்பவே தெரிஞ்சிருக்கு அக்கா! நானா சொல்லுவேன்னு ரெண்டு வருசம் காத்திருக்காரு. "அப்புறம் எதுக்கு நைனா ஆஸ்பத்திரியில நைலான் வேணாம்னு அடம் பிடிச்சீங்க?"ன்னு கேட்டேன். மூச்சு வாங்கிக்கினு சொன்னாரு: "வேற எப்படிடா உன் வாயைத் தொறக்கறது?"

நான் எழுதாமலே இருந்திருந்தா? அதையும் கேட்டேன். தோளைக் குலுக்கினாரு. அவர் கழுத்தைப் பிடிச்சுக்கினு ஓன்னு அழுதேன். தையல் பக்கம் கை படாம பார்த்துக்கோன்னு தட்டி விட்டாரு.

இதை எழுதும்போது பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. இன்னாடா எழுதறேன்னு கேக்கறாரு. சத்தம் பாதிதான் வருது, ஆனா என்னைத்தான் கேக்கறாரு அக்கா.

பூபதி